துவைக்கிற அறைக்கும் ஒருநாள் வாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதியோர் இல்லம் நடத்தும் நிர்வாகிகளுக்கும் அறங்காவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம்.

நான் சலவை மெஷின் மெக்கானிக். ஓசூரில் ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு பாலக்கோடு, தருமபுரி, ஊத்தங்கரை, பர்கூர், தேன்கனிக்கோட்டை வரைக்கும் பைக்கில் போய் வேலை பார்க்கிறேன். ஓட்டல், விடுதி, சின்ன மருத்துவமனை எல்லாம் உண்டு. ஆனால் கொஞ்ச வருடங்களாக என்னை அதிகம் கூப்பிடுவது உங்களைப் போன்ற இல்லங்கள்தான். கூப்பிடும்போது ஏற்கெனவே காரியம் கெட்டுப் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் ஒரு இல்லத்திலிருந்து போன் வந்தது. மெஷின் சுற்றும்போது தடதடவென்று சத்தம் வருகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். சத்தத்துக்குக் காரணம் சின்னது. தரையோடு மெஷினைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. இறுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் ஹீட்டர் ஒயரில் ஓடும் கரண்டை அளக்கக் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். பூஜ்யம் காட்டியது. திறந்து பார்த்தால் தண்ணீரைச் சூடாக்கும் மூன்று காயிலில் இரண்டு எரிந்து போயிருந்தன. மூன்றாவது காயில் வெடித்து, கரண்ட் லீக் ஆகி டிரிப் ஆகியிருக்க வேண்டும். யாரோ அதன் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தார்கள். டிரிப் நின்றது. தண்ணீர் சூடாவதும் அதோடு நின்றது.

துவைக்கிற அக்காவிடம், "கதவுக் கண்ணாடி சூடா இருக்குமே, கடைசியா எப்ப சூடா இருந்துச்சு?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்: "ஆடிக்கு முன்னாடி இருக்கும் தம்பி. அப்பவே ஆபீஸ்ல சொன்னேன். மெஷின் ஓடுதில்ல, அப்புறம் என்னன்னு கேட்டாங்க."

ஆடியிலிருந்து கார்த்திகை வரை. நாற்பது பேருடைய படுக்கை விரிப்பு, போர்வை, புடவை, வேட்டி, மூத்திரம் நனைந்த துணி, மலம் பட்ட துணி எல்லாம் பச்சைத் தண்ணீரில் சுற்றி வந்திருக்கின்றன. அது பழைய மாடல் மெஷின். தண்ணீர் சூடானாலும் ஆகாவிட்டாலும் டைமர் தன்பாட்டுக்கு ஓடி முடித்து மணி அடித்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. துணி நனைந்திருக்கிறது, நுரை வந்திருக்கிறது, வாசனை வருகிறது, மடித்து அடுக்கியாகிவிட்டது.

அந்த இல்லத்தில் அப்போது பலருக்குச் சொறி இருந்தது. மருந்து தடவுவார்களாம், அடங்குமாம், இரண்டு வாரத்தில் அடுத்த கட்டிலில் வருமாம். ஹீட்டர் போனதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் சொறியை உண்டாக்கும் பூச்சியும் அதன் முட்டையும் 50 டிகிரிக்கு மேல் பத்து நிமிடம் இருந்தால் செத்துப்போகும் என்பது எல்லா இடத்திலும் ஒப்புக்கொண்ட விஷயம். பச்சைத் தண்ணீரில் அது நடக்காது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மெஷினைப் பராமரிப்பதை அதை ஓட்டுகிற பெண்ணின் வேலையில் ஒரு பகுதியாக ஆக்குங்கள். அதற்கு அவருக்கு நேரமும் சொல்கிற உரிமையும் கொடுங்கள். அவர் மெஷினை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். ஆடியில் அந்த அக்கா சொன்னதைக் கேட்டிருந்தால் ஒரு காயில் செலவோடு முடிந்திருக்கும்.

சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளிகளின் துணிக்கு இங்கிலாந்து மருத்துவத் துறை சொல்லும் கணக்கு, 65 டிகிரியில் குறைந்தது பத்து நிமிடம் அல்லது 71 டிகிரியில் மூன்று நிமிடம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு இன்னும் கடுமையானது: 71 டிகிரியில் 25 நிமிடம். எதை எடுத்துக்கொண்டாலும், தண்ணீர் அந்தச் சூட்டைத் தொட்ட பிறகுதான் நிமிடத்தை எண்ண வேண்டும். பச்சைத் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பழைய மெஷினில் டைமர் அதற்குள் அலசலுக்குப் போய்விடும். கட்டுப்பாட்டுப் பலகை 70 என்று காட்டினால் உள்ளே 70 இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சமையல்காரர்கள் வைத்திருக்கும் குச்சி மாதிரியான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, துவைத்து முடித்து வெளியேறும் முதல் தண்ணீரை நீளக் கைப்பிடி உள்ள மக்கில் பிடித்து மாதம் ஒருமுறை பாருங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது, உடைந்துவிடும். குழாய் வாயில் கொஞ்சம் சூடு குறைவாகத்தான் காட்டும். ஆனால் 35 காட்டினால் ஏதோ போய்விட்டது என்று அர்த்தம்.

ஜெனரேட்டரில் ஓட்டும்போது ஹீட்டரை அணைத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். ஜெனரேட்டர் அந்த லோடைத் தாங்காது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் அந்த நேரத்தில் மேல்சட்டை, புடவை மாதிரி அழுக்கு குறைந்த துணிகளைப் போடச் சொல்லுங்கள். படுக்கையில் கிடப்பவர்களின் துணி கரண்ட் வரும்வரை காத்திருக்கட்டும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். நம் இரண்டு மாவட்டத்திலும் தண்ணீர் பேச்சு வந்தால் முதலில் வருவது ஃப்ளோரைடு. பல்லில் கறை, எலும்பில் வலி என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டிருக்கிறோம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகு குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. நல்லது. ஆனால் துவைக்கிற அறைக்கு எந்த இல்லத்திலும் அந்தத் தண்ணீர் வருவதை நான் பார்க்கவில்லை. அங்கே வருவது போர் தண்ணீர்தான். வரும் தண்ணீரே கொஞ்சம் என்னும்போது அதைத் துணிக்கு விடச் சொல்லி நானும் கேட்க மாட்டேன்.

காயிலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவத்தைக் காட்டி, "இதுதான் ஃப்ளோரைடா?" என்று பல நிர்வாகிகள் கேட்டிருக்கிறார்கள். இல்லை, அது சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் சூடானதும் பிரிந்து, சூடான இடத்திலேயே கல்லாக உட்கார்ந்துவிடுகிறது. வெந்நீர் வைக்கிற அண்டாவின் உள்பக்கம் பார்த்தால் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. நான் பையில் சோதனை மருந்து வைத்திருக்கிறேன். 600-ஐத் தாண்டின போர்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

கல் படிந்த காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து வெடிக்கிறது. அது மெஷினுக்கு நேரும் கதி. துணிக்கு நேர்வது வேறு. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோய்த் துணியிலேயே தங்கும். விரிப்பு பழுப்பேறி, காய்ந்ததும் விறைத்து நிற்கும். எண்பது வயதில் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடுகிறது. எங்கள் ஆயா கடைசி ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். ஒரு விரிப்பின் ஓரத் தையல் அழுத்தியதற்கே இடுப்பில் சிவந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். விறைத்த துணியில், சோப்பு தங்கின துணியில், திரும்பிப் படுக்க முடியாத ஒருவர் இரவெல்லாம் கிடக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வாங்குகிற கணக்கில் கொஞ்சத்தைத் தண்ணீருக்குச் செலவு செய்யலாம்.

தண்ணீரிலிருந்து இந்தச் சுண்ணாம்பைப் பிரித்தெடுக்கும் சாஃப்ட்னர் வைத்திருக்கும் இல்லங்களும் இருக்கின்றன. வைத்ததோடு சரி. அதற்குள் இருக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பிடித்துப் பிடித்து நிறைந்த பிறகு உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால்தான் திரும்ப வேலை செய்யும். உப்புத் தொட்டி காலியாகி மாதக்கணக்கில் கிடந்த சாஃப்ட்னர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில், சாஃப்ட்னருக்குள் போகாமல் தண்ணீரை நேராக விடும் பைபாஸ் வால்வு திறந்தே கிடந்தது, எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. வேலை செய்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் சரி. தயிர் மாதிரி திரிந்தால் உப்பு போடுகிற நேரம் வந்துவிட்டது. சலவைப் பவுடரில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பை எடுக்க, எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த சிட்ரிக் ஆசிட் போதும். காலி மெஷினில் போட்டுச் சுடுதண்ணீரில் ஓட்டி இரண்டு தடவை அலசிவிட வேண்டும். அதோடு ஒரு எச்சரிக்கை. எந்த ஆசிட்டையும் ப்ளீச்சோடு சேரவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சின்ன அறையில் ஜன்னலும் சாத்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ப்ளீச் டப்பாவையும் ஆசிட் டப்பாவையும் ஒரே பலகையில் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றியும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, இது மூத்திரத் துணிகளை வைத்து வருவது. நனைந்த விரிப்பை அப்படியே கொண்டுவந்து ப்ளீச் தண்ணீரில் முக்குவார்கள். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியா ப்ளீச்சோடு சேர்ந்து மூச்சை அடைக்கிற இன்னொரு புகையைக் கிளப்பும். "எனக்கு ப்ளீச் வாசனை ஒத்துக்காது, கண்ணு எரியுது, இருமல் வருது" என்று சொல்கிற பெண்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது இந்தப் புகைதான். முதலில் ப்ளீச் எதுவும் போடாமல் பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசல் விட்டு வெளியேற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ரத்தம், மலம் பட்ட துணிக்கும் அதுதான் முறை. எடுத்த எடுப்பில் சுடுதண்ணீரைக் காட்டினால் கறை வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சூடு, அப்புறம்தான் ப்ளீச்.

இந்த மடலில் நீங்கள் ஒரு விஷயத்தை மட்டும்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால், அடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இல்லத்தில் மூட்டு வலிக்கும் கை கால் பிடிப்புக்கும் தைலம் தேய்த்துவிடுவார்கள். நல்ல இல்லம், பெரியவர்களைக் கையில் வைத்துத் தாங்குகிறவர்கள். தைலம் துடைத்த துண்டுகளைச் சாயங்காலம் துவைத்து டிரையரில் போட்டிருக்கிறார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. டிரம் நின்றுவிட்டது. துண்டுகள் காய்ந்துதானே இருக்கின்றன என்று சுடச்சுட அள்ளி, கூடையில் அமுக்கி வைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நடு ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ச்மேனுக்குக் கருகல் வாசனை வந்திருக்கிறது. அவர் பூட்டை உடைத்து உள்ளே போனபோது கூடையிலிருந்து புகை. மேல் துண்டு வெள்ளையாகவே இருந்ததாம். நடுவில் இருந்தவை கரியாகியிருந்தன. அந்த அறைக்கு நேர் மேலே நடக்க முடியாத பதினோரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டிரையரைச் சோதிக்க என்னைக் கூப்பிட்டார்கள். டிரையரில் ஒயரிங் கோளாறு எதுவுமில்லை. நல்லெண்ணெய் மாதிரியான எண்ணெய் காற்றோடு சேரும்போது தானாகவே சூட்டை வெளிவிடும். கொடியில் விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஏற்கெனவே சூடான துணியை அமுக்கிக் குவித்தால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறி ஏறி, சில மணி நேரம் கழித்துத் தீயாகும். தைலங்கள் பெரும்பாலும் நல்லெண்ணெயில் காய்ச்சியவை. ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுக்கப் போகாது, அதுவும் பச்சைத் தண்ணீரில் போகவே போகாது. ஹீட்டர் போன மெஷினும் தீயும் எங்கே ஒன்றுசேர்கின்றன என்று பாருங்கள்.

தைலத் துண்டுகளைத் தனியாகப் பிரித்து, நல்ல சூட்டில், பவுடர் கூடப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவிடுங்கள். டிரையர் வேண்டாம். நம் ஊர் வெயில் எதற்கு இருக்கிறது? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். சமையலறையில் எண்ணெய் துடைத்த துணிக்கும் இதே சட்டம். மற்ற துணிகளை டிரையரில் போடும்போது கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் சுற்றுமே, அந்த ஆறுகிற நேரத்தை அவசரத்துக்காக வெட்டாதீர்கள். கரண்ட் போய் நடுவில் நின்றால் உடனே வெளியே எடுத்து மேசையில் விரித்துவிட வேண்டும். ராத்திரி ஆளில்லாத நேரத்தில் டிரையர் ஓடக் கூடாது.

டிரையரைத் தொட்டுவிட்டதால் பஞ்சுத் தூசியையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு லோடுக்கும் வலையை எடுத்துத் துடைக்க வேண்டும். இது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் நடக்கிறது. நடக்காதது, வலையைத் தாண்டிப் போன தூசியை எடுப்பது. வெளியேற்றுக் குழாய்க்குள், டிரம்முக்குப் பின்னால், ஹீட்டர் பெட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி கிடக்கும். ஒருமுறை சுவர் ஓட்டையில் மைனா கூடு கட்டியிருந்தது. மூன்று வாரமாகத் துணி காயவே இல்லை என்று டைமரைக் கூட்டிக் கூட்டி வைத்திருந்தார்கள். துணி காய வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கிறதென்றால் காற்று அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதிகச் சூட்டில் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் அடிக்கடி அணைகிறது என்று அதைத் துண்டித்து நேர் இணைப்புக் கொடுத்த இடத்தையும் பார்த்தேன். அன்றைக்கு நான் அதைச் சரி செய்யாமல் கிளம்ப மறுத்துவிட்டேன்.

அதே மாதிரி கதவுப் பூட்டு. சுற்றும்போது திறக்க முடியாதபடி இருக்கும் பூட்டைச் சின்ன ஒயர் வைத்து ஏமாற்றிவிடுகிறார்கள், குறிப்பாகத் துணி பிழிகிற ஹைட்ரோவில். மூடி திறந்திருக்கச் சுற்றும் டிரம்மில் ஒரு ஈரப் புடவை நுனி கையில் சுற்றினால் தோளோடு போய்விடும். பூட்டு கெட்டால் மெஷின் நிற்கட்டும். புதுப் பூட்டு வரும்வரை வெளியே கொடுத்துத் துவைத்து வாங்குங்கள்.

மெத்தைக்கு மேல் போடும் ரப்பர் ஷீட்டை மெஷினில் போட்டுப் பிழிய வேண்டாம். அது தண்ணீரைப் பை மாதிரி கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகத் தொங்கி மெஷினையே தூக்கி அடிக்கும். நான் முதலில் சொன்ன இல்லத்தில் போல்ட் தளர்ந்தது அதனால்தான். கையால் துடைத்துக் கழுவி நிழலில் போடுங்கள், டிரையருக்குள் போகவே கூடாது. டிரம்மைத் திணித்து நிரப்புவதும் அப்படித்தான். மேலே ஒரு சாண் இடம் இருந்தால்தான் துணி விழுந்து எழுந்து அழுக்குப் போகும். திணித்தால் அழுக்கும் போகாது, பேரிங்கும் போய்விடும். பின்பக்கம் துருக் கோடு இறங்கியிருந்தால் சீல் கசிந்து பேரிங்குக்குள் தண்ணீர் இறங்குகிறது. சீல் மாற்றுகிற செலவு சில நூறு, இல்லை ஆயிரம். விட்டுவிட்டால் பேரிங், ஷாஃப்ட் என்று பல ஆயிரத்துக்குப் போகும்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாக. மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரைக் காப்பாற்றும் ரிலே இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, லீக் ஆனால் அணைக்கும் பிரேக்கர் வேலை செய்கிறதா, மூன்றையும் ஒரு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற பெண்கள் அவர்கள்.

அந்தப் பெண்களைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். மெஷின் நின்றுபோனால் உங்கள் இல்லத்தில் என்ன நடக்கிறது? நான் பார்த்த வரையில், பின்கட்டில் கல்லில் உட்கார்ந்து நாற்பது பேருடைய மலத் துணியை ஒரு பெண் கையால் அலசுகிறார். கையுறை கிழிந்திருக்கும், இல்லை இருக்கவே இருக்காது. காலம் காலமாக ஒரு சாதியின் தலையில் கட்டி, கூலி என்று சொல்லத் தகாத தவசத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்ட வேலை இது. மெஷின் வந்தபோது அந்தப் பாரம் இறங்கியது. நாம் கிரீஸ் வைக்காமல், உப்பு போடாமல் விட்டு மெஷின் நிற்கிற ஒவ்வொரு நாளும் அதே பாரத்தைத் திரும்பவும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றி வைக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

மெஷினைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் மாதத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கிறேன், அவர் தினமும் எட்டு மணி நேரம் கேட்கிறார். பெல்ட் கீச்சிடுவது, தண்ணீர் மெதுவாக வடிவது, கதவு ரப்பரில் பூசணம் வாசனை, கண்ணாடி சூடாகாதது எல்லாம் அவர் காதுக்கும் மூக்குக்கும் கைக்கும் முதலில் தெரிந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எழுத வராதவர் என்றால் இரவு ஷிப்ட் நர்ஸ் அவர் சொல்வதை எழுதட்டும். தேதி, என்ன வித்தியாசம், யாரிடம் சொன்னார், என்ன செய்தார்கள். அந்த நோட்டை வாரம் ஒருமுறை நீங்கள் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். தினமும் வேலை முடியும் நேரத்தில் கால் மணி நேரம் மெஷினுக்கென்று ஒதுக்குங்கள். கதவு ரப்பரை மடிப்புக்குள் துடைக்க, கதவைத் திறந்து காற்றாட விட, தூசி வலையைப் பார்க்க, வடிகால் மூடியைத் திறந்து முடி, நூல், ஊக்கு, தாயத்து, சில்லறை எல்லாம் எடுக்க. அந்தக் கால் மணிக்கும் சேர்த்துத்தான் சம்பளம். கையை உள்ளே விடுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

வடிகாலில் என்னென்னவோ கிடைத்திருக்கிறது. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு இல்லத்தில் பல் செட் ஒன்று கிடைத்தது. தலையணை உறையோடு போயிருக்கிறது. அந்தத் தாத்தா இரண்டு மாதமாகக் கஞ்சியும் பிசைந்த சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல் செட் காணோம் என்று அவர் சொன்னதை, மறதி என்று விட்டுவிட்டார்களாம். வாரம் ஒருமுறை அந்த மூடியைத் திறந்திருந்தால் ஏழாம் நாளே அவருக்குக் கிடைத்திருக்கும்.

செலவு என்பீர்கள். நன்கொடையில் ஓடுகிற இல்லங்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நன்கொடை கொடுப்பவர்கள் புது மெஷின் வாங்கித் தருவார்கள், அதில் பெயரும் எழுதிக்கொள்ளலாம். பேரிங்குக்கும் கல் உப்புக்கும் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதனால் மெஷின் கொடுக்க வருபவரிடம், அதன் ஐந்து வருடப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, வருகிறவர் ஹீட்டர் ஆம்பியரையும் தண்ணீரின் சூட்டையும் அளந்து உங்கள் நோட்டில் எழுத வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். துடைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிற சர்வீஸ் எதற்கும் உதவாது.

நேரத்தையும் பார்த்துச் செய்யுங்கள். சித்திரை, வைகாசி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் ராப்பகலாக ஓடும். மோட்டார் சுற்றுகிற கடைக்காரர், வெல்டர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். அந்தச் சமயத்தில் எரிந்த ஒரு மோட்டாரைச் சுற்றி வாங்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் அந்த இல்லத்தில் கையால்தான் துவைத்தார்கள். பெல்ட், பேரிங், காயில், சுண்ணாம்பு எடுப்பது எல்லாவற்றையும் மாசி, பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் டிரையரை ஒருமுறை முழுதாகக் கழற்றித் துடையுங்கள். மழைக் காலத்தில்தான் அது ஓய்வில்லாமல் ஓடும்.

இந்த மாசி, பங்குனி ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் வந்து சூடு, ஆம்பியர், கதவுப் பூட்டு, டிரையர் குழாய் இந்த நான்கையும் பார்த்துத் தருகிறேன். என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பையன்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாமான் மாற்ற வேண்டியிருந்தால் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வரும்போது மெஷின் ஓட்டுகிற அக்கா கட்டாயம் கூட இருக்க வேண்டும். அவருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் வருகிறோம்.

அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே ஒரு வேலை செய்யுங்கள். ஆபீஸ் அறையிலிருந்து எழுந்து துவைக்கிற அறைக்குப் போங்கள். மெஷின் ஓடி இருபது நிமிடம் ஆனதும் கதவுக் கண்ணாடியில் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று அங்கே நிற்கிற அக்காவிடம் கேளுங்கள். அன்றைக்கே யாராவது ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
சலவை மெஷின் மெக்கானிக் ஒருவர்,
காவேரிப்பட்டணம்.